அடியவருக்கு அச்சம் வருவது குற்றமா?

நடராசப் பெருமானின் திருவுருவத்திலே உடுக்கை ஏந்திய கரம் படைத்தலையும், அபய கரம் காத்தலையும், தீ ஏந்திய கரம் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்துவதாகச் சைவப் பெரியோர் விளக்குவர். இவற்றுள் காத்தல் தொழிலைக் காட்டும் கரத்தில் படைக்கலம் எதுவும் இல்லை. வெறுங்கையாக, ‘அஞ்சேல்’ என்று சொல்லும் கரமாகவே அது அமைந்துள்ளது. முருகப் பெருமானும் அம்பாளும் அவ்வாறே அபய கரம் காட்டி எழுந்தருளியிருக்கின்றனர். அச்சமே அறியாத ஒருவருக்கு இக்கரத்தினால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அஞ்சும் உயிர்களை நோக்கியே இறைவன் இக்கரத்தைக் காட்டுகின்றான் என்பது சிந்தித்து உணரத்தக்கது.

எனினும் எம்மவர் மத்தியில் வேறொரு பேச்சு வழங்கி வருகின்றது. “சாமி கும்பிடுற ஆளுக்கு உப்பிடி என்ன பயம்?” என்றும், “மனத்தைத் திடமா வைச்சிருந்தா உது வருமே?” என்றும் கேட்போர் உளர். கேட்பவர் தீய எண்ணத்துடன் கேட்பதில்லை. ஆயினும் அக்கேள்வி, ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவரின் தலையில் ‘நீ நல்ல அடியவர் அல்லர்’ என்ற பழியையும் சேர்த்து ஏற்றிவிடுகின்றது. ஆகவே அடியவருக்கு அச்சம் வருவது குற்றமா, வந்தால் அவர் செய்யத்தக்கது யாது, அயலில் நிற்பவர் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

பதகளிப்பு என்னும் வருத்தம்

பூசை வேளையில் சனநெருக்கத்தினுள் நிற்கும் ஒருவருக்கு, அல்லது பஸ்வண்டியில் பயணஞ் செய்யும் ஒருவருக்கு, சிலவேளை வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும்கூட, வெளிப்படையான காரணம் எதுவுமின்றித் திடீரென நெஞ்சு படபடக்கின்றது. மூச்சு முட்டுவது போலிருக்கின்றது. கைகால் நடுங்குகின்றன; உடல் வியர்க்கின்றது; தலை சுற்றுகின்றது; விரல்களும் உதடும் விறைக்கின்றன. ‘இதோ உயிர் பிரியப் போகின்றது’ அல்லது ‘எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகின்றது’ என்ற எண்ணம் மனத்தைக் கவ்விக்கொள்கின்றது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் இது உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகத் தணிந்து விடுகின்றது. மருத்துவர்கள் இதனைப் பதகளிப்புத் தாக்கம் என்பர்.

வந்தது தணிந்துவிட்டாலும் அதன் தழும்பு மறைவதில்லை. ‘மறுபடியும் வந்துவிடுமோ’ என்ற பயம் அடுத்த நாளே தொடங்கி விடுகின்றது. கூட்டத்தில் வந்தபடியால் கூட்டத்துக்குப் போகாமல் விடுகின்றார். பஸ்ஸில் வந்தபடியால் பஸ்ஸில் ஏறுவதில்லை. ஆண்டுதோறும் தேருக்கு வந்து வடம்பிடித்தவர் வீட்டுப் படலையோடு நின்று கும்பிடத் தொடங்குகின்றார். கேட்டால் முழங்கால் நோ என்கின்றார். உண்மையைச் சொன்னால் பக்தியில் குறை என்று சொல்லிவிடுவார்களே என்ற வெட்கம் அவரைத் தடுக்கின்றது. நோயைவிட இவ்வெட்கமே அவரை ஆலயத்திலிருந்து அதிக தூரம் கொண்டுபோய் விடுகின்றது.

வீரனும் நடுங்கினான்

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தை ஊன்றிப் படிப்போர் இவ்விடயத்தில் ஓர் உண்மையைக் காண்பர். குருசேத்திரப் போர்க்களத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேரில் நின்ற அருச்சுனன் தன் நிலையைத் தானே எடுத்துரைக்கின்றான். அவனது அங்கங்கள் சோர்கின்றன. வாய் உலர்கின்றது. உடல் நடுங்குகின்றது. மயிர் சிலிர்க்கின்றது. தோல் எரிகின்றது. காண்டீபம் கையிலிருந்து நழுவுகின்றது. நிற்க முடியவில்லை, மனம் சுழல்கின்றது. அவனது துன்பத்துக்குக் காரணம் உறவினரைக் கொல்ல நேருமே என்ற துயரம். அது பதகளிப்பு நோய் அன்று. ஆயினும் இன்று வைத்தியசாலைக்கு ஓடிவரும் ஒருவர் வைத்தியரிடம் சொல்லும் குறிகள் பல அங்கே காணப்படுகின்றன.

அருச்சுனன் கோழையல்லன். வேடனாக வந்த சிவபெருமானோடு மற்போர் புரிந்து பாசுபதம் பெற்றவன். நம்பிக்கையில்லாதவனும் அல்லன். இறைவனே அவனுக்குத் தேர்ப்பாகனாய் அருகில் இருந்தான். அப்படியிருந்தும் அவன் உடல் நடுங்கியது. இதிலிருந்து, வீரமும் பக்தியும் உள்ளவருக்கும் உடல் நடுங்கும் என்பது தெளிவாகும்.

அடுத்து நடந்ததும் கவனிக்கத்தக்கது. கண்ணபிரான் முதலில் அருச்சுனனைக் கடிந்து, தளர்ச்சியை உதறி எழும்படி கூறுகின்றார். அக்கடிந்துரையால் அருச்சுனன் எழவில்லை. போர் செய்யேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகின்றான். அதன் பின்னரே கண்ணபிரான் புன்முறுவலுடன் பேசத் தொடங்குகின்றார். அருச்சுனன் கேட்கக் கேட்கச் சலிப்பின்றி விடை கூறுகின்றார். பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியிலேதான் அவன் மயக்கம் நீங்கியதாகச் சொல்கின்றான். அஞ்சியவனை எழுப்பியது அதட்டல் அன்று. உடனிருந்து பொறுமையோடு பேசியதே ஆகும்.

உடல் செய்வதும் மனம் சேர்ப்பதும்

அச்சம் உயிரைக் காக்கும் பொருட்டு உடலில் அமைந்த ஓர் ஏற்பாடு. ஆபத்து நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அதிரனலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடித்துக் கைகால்களின் தசைகளுக்குக் குருதியை அனுப்புகின்றது. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் வேண்டிய காற்றைப் பெற மூச்சு வேகமாகின்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்த காலத்தில் விமான இரைச்சல் கேட்டவுடன் பங்கருக்குள் பாய்ந்தவர்களைக் காத்தது இவ்வேற்பாடே. ஆபத்தைக் கண்டு அஞ்சுவதை அறிவின்பாற்பட்டதென்றே திருவள்ளுவரும் கொள்கின்றார்.

வீட்டைக் காக்கும் நாய் கள்வனைக் கண்டும் குரைக்கும்; இரவில் காவோலை விழும் ஓசைக்கும் குரைக்கும். காவோலைக்குக் குரைத்ததற்காக அந்த நாயைக் கெட்ட நாய் என்று எவரும் சொல்வதில்லை. பதகளிப்பும் அத்தகையதே. ஆபத்து இல்லாத இடத்தில் உடல் எழுப்பும் அபாய ஒலி அது. நீண்டகாலம் ஆபத்தினுள் வாழ்ந்தவர், உறவுகளை இழந்தவர், நித்திரை கெட்டவர், கடன் சுமையில் இருப்பவர் ஆகியோரின் உடல் சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்ளும்.

ஓடாமலும் உழைக்காமலும் ஓரிடத்தில் நின்றபடி வேகமாக மூச்சு விடும்போது, குருதியில் உள்ள காபனீரொட்சைட்டின் அளவு வேண்டியதிலும் குறைந்து விடுகின்றது. தலைச்சுற்றும், விரல் விறைப்பும், நெஞ்சு இறுக்கமும் பெரும்பாலும் இதனால் வருவனவே. காற்றுப் போதாது என்று தோன்றினாலும் உண்மையில் உடலில் காற்றுப் பஞ்சம் இல்லை. இக்குறிகளைக் கண்டு ‘இது மாரடைப்பு’ என்று மனம் முடிவு செய்தவுடன் அச்சம் இரட்டிப்பாகின்றது. அச்சம் இரட்டிப்பானதும் குறிகளும் இரட்டிப்பாகின்றன. பிரித்தானிய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986 ஆம் ஆண்டு இச்சுழற்சியையே பதகளிப்புத் தாக்கத்தின் அடிப்படையாக விளக்கினார்.

சைவ சித்தாந்தத்தில் பேசப்படும் மூவகை வினைகளுள் பிராரத்தம், ஆகாமியம் என்பன இரண்டாகும். பிராரத்தம் இப்பிறவியில் அனுபவிக்க வந்தது. அதனை அனுபவிக்கும்போது உயிர் புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். நோய் வினையின் தண்டனை என்று சொல்வதற்காக அன்றி, உவமையாக மாத்திரம் இதனை எடுத்துக்கொள்ளலாம். உடலில் எழும் முதல் நடுக்கம் தானே வந்தது; அதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர். அந்நடுக்கத்தைக் கண்டு ‘செத்துவிடுவேன்’, ‘எனக்கு யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்’, ‘நேர்த்தியை முடிக்காததால் சுவாமி கோபித்துவிட்டார்’ என்று மனம் சேர்த்துக்கொள்ளும் இரண்டாவது அச்சமே புதிதாய் ஈட்டியது. முதலாவதைத் தடுப்பது எப்போதும் கைகூடாது. இரண்டாவதைச் சேர்க்காதிருக்கப் பழகலாம். பதகளிப்பை வெல்லும் வழி முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

வந்தபோது செய்யத்தக்கவை

முதன்முறையாக நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ வருபவர் அதனைப் பதகளிப்பென்று தாமே முடிவு செய்தல் ஆகாது. மாரடைப்பும் இவ்வாறே தொடங்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். வைத்தியசாலையில் இ.சி.ஜி. பரிசோதனையும், தைரொயிட்டு, குருதிச்சோகை, சீனி அளவு முதலிய பரிசோதனைகளும் செய்து, வேறு நோயில்லை என வைத்தியர் கூறிய பின்னரே இது பதகளிப்பு எனக் கொள்ள வேண்டும்.

அவ்வாறு உறுதியான பின் மறுபடி வரும்போது, நின்ற இடத்தில் அல்லது அருகில் ஓரமாக அமர்ந்து கொள்ளலாம். ஓடித் தப்ப வேண்டியதில்லை. ‘இது முன்னரும் வந்தது, முன்னரும் போனது, இதனால் உயிர் போகாது’ என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்க முயலாமல், மெதுவாக வெளியே விடுவதிலேயே கருத்தை வைக்க வேண்டும். நாலு எண்ணும் நேரம் மூக்கினால் இழுத்து, ஆறு முதல் எட்டு எண்ணும் நேரம் மெல்ல வெளிவிடலாம். கடதாசிப் பையினுள் மூச்சு விடுமாறு முன்னர் சிலர் கூறுவதுண்டு. அது இருதய நோயுள்ளவருக்குத் தீங்காகலாம். ஆதலால் இப்போது அதனை வைத்தியர்கள் விதந்துரைப்பதில்லை. பாதம் நிலத்தில் படுவதை உணர்தல், எதிரே தெரியும் தீபச் சுடரையோ தூணின் வேலைப்பாட்டையோ உற்று நோக்குதல், குளிர்ந்த நீரால் முகம் கழுவுதல் என்பனவும் சுழலும் மனத்தை நிலைக்குக் கொண்டுவர உதவும்.

வராமற் காக்கும் வழிகள்

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைத் திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தின் ஓர் அங்கமாக விளக்கியுள்ளார். அங்கே பூரகத்துக்கு 16 மாத்திரையும், கும்பகத்துக்கு 64 மாத்திரையும், இரேசகத்துக்கு 32 மாத்திரையும் கூறப்படுகின்றன. மூச்சை அடக்கும் கும்பகம் குருவின் துணையின்றிப் பயிலத்தக்கதன்று; பதகளிப்பு உடையவருக்கு அது தேவையுமில்லை. ஆயின் உள்ளிழுப்பதிலும் பார்க்க வெளிவிடும் நேரம் இருமடங்காக இருத்தல் என்ற அளவு யாவரும் மேற்கொள்ளத்தக்கது. மூச்சு நீண்டு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணிகின்றது.

2001 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இத்தாலிய வைத்தியர் லூசியானோ பெர்னார்டி குழுவினரின் ஆய்வொன்று வெளியானது. சுகதேகிகளான 23 பேரைச் செபமாலை மன்றாட்டையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தையும் ஓதச் செய்து பார்த்தனர். இரண்டின் போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாகக் குறைந்து, இதயத்தின் ஒழுங்கு மேம்பட்டது. அமைதியாக இருப்பவரின் மூச்சு வழமையாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை அமையும். ஆறுதலாக, ஒரே சீராக ஓதுவதே இம்மாற்றத்துக்குக் காரணம். திருவைந்தெழுத்தை மாலை வேளையில் அவசரமின்றி, ஒரு மூச்சுக்கு ஒருமுறையாகச் செபித்து வரும் அடியவருக்கும் மூச்சு அவ்வாறே அடங்கி வரும். ஆனால் வெள்ளம் வந்தபின் அணை கட்ட முடியாது. தினமும் பத்து நிமிடமாவது செபித்துப் பழகியவருக்கே பதகளிப்பு வந்த வேளையில் அம்மந்திரம் நாவில் நிற்கும். காற்றைப் போன்று அடக்கற்கரிய மனத்தைப் பயிற்சியாலும் பற்றின்மையாலும் அடக்கலாம் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுவதும் இதுவே.

அதே அத்தியாயம் உணவிலும் உறக்கத்திலும் அளவு வேண்டும் என்கின்றது. கடுஞ்சாயத் தேநீரும் கோப்பியும் நெஞ்சுப் படபடப்பைத் தூண்டும். பாக்கும் புகையிலையும் அவ்வாறே. மதுபானம் முதலில் மயக்கி, வெறி தெளியும்போது பதற்றத்தை முன்னிலும் அதிகமாக்கும். இரவில் நித்திரை விழிப்பதைக் குறைத்து, காலையிலோ மாலையிலோ அரைமணி நேரம் நடப்பது நன்று. வீதிவலம் வருவதும் தோட்டத்துக்கு நீர் இறைப்பதும் நல்ல தேகப்பயிற்சியே. விரத காலத்தில் வெறும் வயிற்றோடு தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பவருக்குக் கைநடுக்கமும் தலைச்சுற்றும் வருவது இயல்பு. நீரிழிவு முதலிய நோயுள்ளவர் கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களை வைத்தியரிடம் கேட்டே அனுட்டிக்க வேண்டும். பாலும் பழமும் உண்டு நோற்பதும் விரதமே.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பயந்த இடத்தை அடியோடு கைவிடாமை. ஒதுங்க ஒதுங்க அச்சம் வளரும். கூட்டத்துக்கு அஞ்சுபவர் முதலில் சனமில்லாத நாளில் வெளிவீதியில் நின்று கும்பிடலாம். அது பழகியபின் சாயரட்சைப் பூசைக்கு உள்ளே வரலாம். அதன்பின் கொடியேற்றத்துக்கும், பின்னர் தேருக்கும் வரலாம். ஒவ்வொரு படியிலும் பதற்றம் எழுந்தால், அது தணியும்வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புதல் வேண்டும். தணிந்ததைக் கண்டு திரும்பும் மனம், அடுத்த முறை அவ்வளவு அஞ்சாது.

அயலில் நிற்பவரின் கடமை

சூலை நோயால் வருந்திய மருணீக்கியார் திருவதிகையிலிருந்த தமக்கையாரிடம் இரவோடிரவாக வந்து சேர்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். சமயம் மாறிப் போனவன் என்று திலகவதியார் அவரைத் தள்ளிவிடவில்லை. வீழ்ந்தவரை எழச் செய்து, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். விடியற்காலையில் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தாம் நாள்தோறும் செல்லும் திருத்தொண்டுக்கே அவரையும் உடன் அழைத்துச் சென்றார். தம்பியார் திருநாவுக்கரசரானது அதன் பின்னரே.

நோயுற்றவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை இதிலே உள்ளது. பதகளிப்பால் நடுங்குபவரைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லாமல், ஒருவர் மாத்திரம் அருகே அமர்ந்து, ‘நான் இஞ்சைதான் நிக்கிறன், ஆறுதலா மூச்சை விடுங்கோ’ என்று தாழ்ந்த குரலில் சொல்வது போதும். பின்னர் ஒருநாள் ‘வாருங்கோ, நானும் வாறன்’ என்று கோயிலுக்குக் கூட்டிவருவது அதனிலும் பெரிய தொண்டு. செய்வினை கழிப்பதாகக் கூறி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடம் அவரை அழைத்துச் செல்வது, அவரது அச்சத்துக்கு மேலும் ஓர் அத்தாட்சி கொடுப்பதாகவே முடியும்.

ஆலயங்களும் செய்யக்கூடியது உண்டு. திருவிழாவில் எதிர்பாராது வெடிக்கும் வெடி, ஷெல் விழுந்த காலத்தை நெஞ்சில் சுமப்பவருக்கு வெறும் வேடிக்கையன்று. எத்தனை மணிக்கு, எத்திசையில் வெடி கொளுத்தப்படும் என்பதை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவித்தால் அவர் ஆயத்தமாகவோ சற்று விலகியோ நிற்பார். மண்டபத்தின் ஓரமாக நாலு கதிரைகளும் குடிநீரும் வைத்திருப்பதும் அரிய காரியமன்று.

இவ்வழிகளால் தணியாது பதகளிப்பு அடிக்கடி வந்தால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால், தாமதியாது அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உளவளத்துணையும் மருந்தும் பலரை இயல்பு வாழ்வுக்கு மீட்டுள்ளன. வைத்தியர் தந்த மருந்தை அவரிடம் கேளாது இடையில் நிறுத்துதல் கூடாது. புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய பெருமானுக்கு வைத்தியநாதர் என்று பெயரிட்டு வழிபடும் சமயத்தில், மருந்து எடுப்பதை நம்பிக்கைக் குறைவென்று எவ்வாறு சொல்லலாம்?

ஆகவே அடியவருக்கு அச்சம் வருவது குற்றமன்று. அஞ்சியவரை வெட்கப்பட வைத்து ஒதுங்கச் செய்வதே குற்றம். கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வ குணங்களை எண்ணும்போது அபயத்தை முதலிலே வைக்கின்றது. அபயம் என்பது தான் அஞ்சாதிருத்தலோடு அமைவதன்று. பிற உயிருக்கு அச்சந் தீர்த்தலும் அபயமே. அதனாற்றான் அடைக்கலம் கொடுப்பதை அபயமளித்தல் என்கிறோம். சந்நிதியில் நின்று அபய கரத்தைத் தரிசிக்கும் ஒவ்வொருவரும், பக்கத்தில் நடுங்கி நிற்கும் ஒருவரின் கையைப் பற்றிக்கொள்வாராயின், இறைவன் காட்டிய கரத்தின் பொருள் அவ்விடத்திலேயே நிறைவேறும். அதற்கு வேண்டிய பொறுமையையும் அன்பையும் எல்லாம் வல்ல இறைவன் யாவருக்கும் அருள்வானாக.